பழக்க உருவாக்கம்

ஒரே சூழலில் திரும்பத் திரும்பச் செய்யப்படும் செயல், நாளடைவில் யோசனையின்றித் தானாகவே நிகழும் நிலையை அடைவது பழக்க உருவாக்கம் எனப்படும். உளவியல் இதைக் கற்றலின் ஒரு வகையாகக் கொள்கிறது. வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட உளவியல் நூலில் பழக்கத்துக்குத் தனி இயலே உண்டு.

21 நாளில் பழக்கம் படியும் என்ற பரவலான கருத்து, அறுவை மருத்துவர் மேக்ஸ்வெல் மால்ட்ஸின் 1960ஆம் ஆண்டு நூலிலிருந்து கிளைத்தது. அவர் குறிப்பிட்டதோ, நோயாளிகள் தம் மாறிய முகத்துக்குப் பழகக் குறைந்தது அத்தனை நாளாகும் என்பதுதான். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் 12 வாரம் நடத்திய ஆய்வு 2010இல் அச்சில் வந்தது. அதன் மதிப்பீட்டில் இடைநிலைக் காலம் 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப இது 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் எனக் கணிக்கப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.