மூட மறுக்கும் கதவு: கராஜ் கதவு மோட்டாரின் பழுதுகளும் அவற்றின் வரலாறும்

அமெரிக்காவில் ஒரு மாலை நேரம். வேலை முடிந்து வீடு திரும்பியவர் காரைக் கொட்டகைக்குள் விட்டுவிட்டுச் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்துகிறார். கதவு பாதி தூரம் இறங்குகிறது. பிறகு மனம் மாறியது போல நின்று, மறுபடியும் மேலே போய்விடுகிறது. கூரையில் தொங்கும் மோட்டார் பெட்டியின் விளக்கு பத்து முறை கண் சிமிட்டுகிறது. "மோட்டார் போச்சு" என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பெரும்பாலும் மோட்டாருக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. 1990ல் அமெரிக்க காங்கிரஸ் நிறைவேற்றிய ஒரு சட்டத்துக்கு அந்தக் கதவு கீழ்ப்படிந்து கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்!

கராஜ் என்று அங்கே சொல்லப்படும் கார் கொட்டகையின் கதவையும், அதைத் திறந்து மூடும் கருவியையும் பழுது பார்ப்பவர்கள் வரிசையாகச் சில சோதனைகள் செய்வார்கள். ஸ்பிரிங், பல்சக்கரம், கதவோரத்துக் கண்கள், ரிமோட் என்று அந்த வரிசை போகும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலகட்டம் இருக்கிறது. ஒரு காலத்தில் வந்த ஆபத்தைத் தடுக்க ஒரு பாகம் சேர்க்கப்பட்டது. அடுத்த தலைமுறையில் அந்தப் பாகமே புதிய பழுதாக வந்து நின்றது. இந்தக் கருவியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பாதிப் பழுதுகளின் காரணம் தானே விளங்கிவிடும்.

கார் வந்த புதிதில் கொட்டகைக் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும் இரட்டைக் கதவுகளாகவே இருந்தன. குளிர் நாடுகளில் வாசலில் பனி குவிந்துவிட்டால் அவற்றைத் திறக்க முடியாது. 1921ல் சி. ஜி. ஜான்சன் என்பவர் பல பலகைகளைக் கீல்களால் இணைத்து, மேலே ஏறிக் கூரையோடு படுத்துக்கொள்ளும் கதவை உருவாக்கினார். அதன் சிறிய மாதிரி ஒன்றை மாடல் டி ஃபோர்டு காரின் பின்புறத்தில் பொருத்திக்கொண்டு ஊர் ஊராகப் போய் அவர் காட்டினார் என்று அவர் தொடங்கிய ஓவர்ஹெட் டோர் நிறுவனம் சொல்கிறது. 1926ல் அதற்கு மின்சார மோட்டாரும் வந்தது.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல. இரண்டு கார் அகலக் கதவு 60, 70 கிலோவிலிருந்து நூறைத் தாண்டியும் இருக்கும். மோட்டாரோ பெரும்பாலும் அரைக் குதிரைத்திறன்தான். கதவின் எடையைச் சுமப்பது அதற்கு மேலே தண்டில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங். நம் ஊர்க் கடை ஷட்டரை ஒற்றைக் கையால் தள்ளி ஏற்ற முடிவதும் உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங்கால்தான். மோட்டார் செய்வது ஏற்கனவே எடை சமன் செய்யப்பட்ட கதவைத் தள்ளிவிடுவது மட்டும்.

ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் மோட்டாரைத் தொடமாட்டார். கதவை மூடி வைத்து, தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்து மோட்டாரிலிருந்து கதவைப் பிரிப்பார். பிறகு கையால் பாதி உயரத்துக்குத் தூக்கி விட்டுவிடுவார். கதவு அங்கேயே நின்றால் ஸ்பிரிங் சரி. சட்டென்று கீழே இறங்கினாலோ, தூக்கவே முடியாமல் கனத்தாலோ பழுது ஸ்பிரிங்கில்தான். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 முறை திறந்து மூடத் தாங்கும் என்ற கணக்கில் செய்யப்படுகிறது. நாளைக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுகூட வராது! உடையும்போது துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம் கேட்கும். சுருளின் நடுவே இரண்டு அங்குல இடைவெளி தெரியும். முறுக்கேறிய அந்த ஸ்பிரிங்கைச் சரியான கம்பிகள் இல்லாமல் கழற்றப் போனவர்கள் கை விரல்களை இழந்ததுண்டு. வீட்டுக்காரர் தானே செய்யக் கூடாத வேலை என்று ஒன்று இதில் இருக்குமானால் அது இதுதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர் வீடுகள் பெருகியபோது மோட்டார் கதவும் பெருகியது. சங்கிலி இழுக்கும் பெட்டிகளில் அடிக்கடி கெடுவது உள்ளே இருக்கும் நைலான் பல்சக்கரம். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், ஆனால் சங்கிலி அசையாது. மூடியைக் கழற்றினால் தேங்காய்த் துருவல் போல வெள்ளைத் தூள் கொட்டிக் கிடக்கும். சக்கரத்தை மாற்றினால் போதும், பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. மோட்டார் ஓடாமல் ரீங்காரம் மட்டும் செய்தால் கண்டென்சர் போயிருக்கலாம், மின்விசிறியில் ஆவது போலவே. ஆனால் பல்சக்கரம் ஏன் தேய்ந்தது என்று கேட்காமல் புதியதைப் போடுவதில் பயனில்லை. சமநிலை இழந்த கதவை இழுத்து இழுத்துத்தான் அது தேய்ந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் வரலாறு இருண்ட பக்கத்துக்குத் திரும்புகிறது.

பழைய பெட்டிகளில் மோட்டாரின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு திருகுகள் இருக்கும். கதவு கனத்துப்போய் இறங்காமல் நின்றால், ஸ்பிரிங்கையோ உருளைகளையோ பார்க்காமல் அந்தத் திருகைத் திருகிவிடுவது எளிய வழி. கதவு உடனே ஓடும். ஆனால் அந்த விசையோடு இறங்கும் கதவுக்குக் கீழே சைக்கிள் இருக்கிறதா, குழந்தை இருக்கிறதா என்று மோட்டாருக்குத் தெரியாது. தடை பட்டால் திரும்பி மேலே போகும் ஏற்பாடு சில பெட்டிகளில் இல்லவே இல்லை. இருந்தவற்றிலும் விசை அதிகமாக வைக்கப்பட்டிருந்தால் அது வேலை செய்யாது. 1982 மார்ச்சுக்குப் பிறகு 2 முதல் 14 வயது வரையுள்ள ஏறக்குறைய 60 குழந்தைகள் தானியங்கிக் கதவுகளின் கீழ் சிக்கி இறந்ததாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தன் எச்சரிக்கை அறிக்கையில் பதிவு செய்தது. ஆண்டுக்குச் சுமார் நான்கு. மூளை பாதிக்கப்பட்டுப் பிழைத்த குழந்தைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இந்தக் குழந்தைகள் எந்தத் தொழிற்சாலையிலும் இல்லை, சாலையிலும் இல்லை. சொந்த வீட்டு வாசலில் இருந்தார்கள். இறங்கும் கதவுக்கு அடியில் குனிந்து ஓடுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

1990 நவம்பரில் வந்த நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் இதற்கு முடிவு கட்ட முயன்றது. அதுவரை தயாரிப்பாளர்கள் விருப்பத்தின் பேரில் பின்பற்றி வந்த யூஎல் 325 என்ற தரவிதி கட்டாயமாக்கப்பட்டது. 1991 ஜனவரி முதல் தயாராகும் பெட்டிகள், தடை பட்ட இரண்டு விநாடிக்குள் கதவைத் திருப்ப வேண்டும். 1993 ஜனவரி முதல் தயாராகும் பெட்டிகளுக்கு இன்னொரு பாதுகாப்பும் வேண்டும்: கதவின் விளிம்பில் தொட்டால் உணரும் பட்டை, அல்லது வாசலின் இருபுறமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒளிக்கண்கள். பெரும்பாலான நிறுவனங்கள் கண்களையே தேர்ந்தெடுத்தன. தரையில் படுத்திருக்கும் குழந்தையையும் பார்க்க வேண்டும் என்பதால் அவற்றைத் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆறு அங்குல உயரம் என்பது குழந்தைக்கு மட்டுமல்ல, துடைப்பத்துக்கும் குப்பைத் தொட்டிக்கும் சிலந்திக்கும் வசதியான உயரம்! தொடக்கத்தில் சொன்ன "மூடாத கதவு" பிறந்தது இப்படித்தான். ஒரு கண் சற்றுத் திரும்பினாலோ, அதில் நூலாம்படை படிந்தாலோ, கம்பியை எலி கடித்தாலோ, கதவு இறங்க மறுக்கும். பல பெட்டிகளில் கண்களின் சிறு விளக்கைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டும் நிதானமாக எரிந்தால் சரி. ஒன்று துடித்தாலோ அணைந்திருந்தாலோ துடைத்து, நேராக்கி, திருகை இறுக்க வேண்டும். தினமும் மாலை ஐந்து மணிக்கு மட்டும் மூடாத கதவு இருந்தால் மேற்கு வெயில் வாங்கும் கண்ணில் நேராக விழுகிறது என்று பொருள். இரண்டு கண்களையும் இடம் மாற்றிப் பொருத்தினால் தீர்ந்துவிடும். சுவர்ப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் கதவு இறங்குகிறது என்றாலும் குற்றவாளி கண்தான்.

இத்தனை எளிதாகச் சரி செய்யக்கூடிய பழுதுக்குச் சிலர் கண்டுபிடித்த மாற்று வழி வேறு. இரண்டு கண்களையும் வாசலிலிருந்து கழற்றி, எதிரெதிராக டேப் சுற்றிக் கூரையில் மாட்டிவிடுவது! கண்கள் ஒன்றையொன்று எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும், கதவும் ஒழுங்காக மூடும். கேட்பதற்கு புத்திசாலித்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1993க்கு முன்னால் இருந்த கதவை அந்த வீட்டில் மறுபடியும் மாட்டியது போலத்தான் அது. எந்தப் பழுது பார்த்த பிறகும் ஒன்றரை அங்குலக் கனமுள்ள பலகையை வாசலில் படுக்க வைத்துக் கதவை இறக்கிப் பார்ப்பது நல்ல மெக்கானிக்கின் வழக்கம். பலகையில் பட்டதும் கதவு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் வேலை முடியவில்லை.

ரிமோட்டின் கதையில் உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் வேடிக்கை அதிகம். தொடக்ககால ரிமோட்டுகள் ஒரே அலைவரிசையில் வெறும் சைகை ஒன்றை அனுப்பின. அடுத்த வீட்டுக்காரர் பொத்தானை அழுத்தினால் இந்த வீட்டுக் கதவும் திறந்தது. அதைத் தடுக்க 8 முதல் 12 வரை குட்டி சுவிட்சுகள் வந்தன. 12 சுவிட்ச் என்றால் 4096 எண்கள். போதும் என்று தோன்றியது. 2015ல் சாமி கம்கார் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் மேட்டல் நிறுவனத்தின் ஐஎம்-மீ என்ற சிறுமிகளுக்கான குறுஞ்செய்தி பொம்மையைத் திருத்தி, அத்தனை எண்களையும் பத்து விநாடிக்குள் அனுப்பிக் காட்டினார். சுவிட்ச் உள்ள பெட்டி இன்னும் மாட்டியிருக்கும் வீட்டில் "பழுது" எதுவும் தெரியாது. ஆனால் பூட்டு இல்லை என்றுதான் அர்த்தம்.

ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றும் உருளும் குறியீடு 1990களில் பரவியது. இது வந்த பிறகு ரிமோட் வேலை செய்யாவிட்டால் பேட்டரியை மாற்றி, அதுவும் உதவாவிட்டால் மோட்டார் பெட்டியின் கற்றல் பொத்தானை அழுத்தி ரிமோட்டை மீண்டும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதாயிற்று. தொலைந்த ரிமோட்டுக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் ரிமோட் வாங்கலாமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. சேம்பர்லெய்ன் நிறுவனம், தன் பெட்டியோடு வேலை செய்யும் ரிமோட்டை விற்ற ஸ்கைலிங்க் மீது டிஜிட்டல் காப்புரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. 2004ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காசு கொடுத்து வாங்கிய கதவுக்குள் நுழைவது களவு ஆகாது என்ற சாதாரண நியாயத்தைச் சொல்ல ஒரு பெரிய தீர்ப்பு தேவைப்பட்டிருக்கிறது.

அதே காலத்தில் ஃப்ளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தைச் சுற்றி வீடுகளின் ரிமோட்டுகள் செயலிழந்தன. மெக்கானிக்குகள் எதை மாற்றியும் பயனில்லை. 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை ராணுவத்துக்கு உரியது. கராஜ் ரிமோட்டுகள் உரிமம் இல்லாமல் 390ல் ஒண்டிக்கொண்டிருந்தன. ராணுவம் புதிய ரேடியோக்களை அங்கே இயக்கியதும் குடியிருந்தவர் வெளியேற வேண்டியதாயிற்று. 2005 பிப்ரவரியில் மத்திய தகவல் தொடர்பு ஆணையம் பொது அறிவிப்பே வெளியிட்டது. தயாரிப்பாளர்கள் 315க்கு மாறினார்கள், பிறகு பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் பேசும் பெட்டிகள் வந்தன. ரிமோட் கிட்டத்தில் மட்டும் வேலை செய்தால் இப்போது முதலில் பார்க்க வேண்டியது ராணுவத்தை அல்ல, மோட்டார் பெட்டியில் மாட்டிய மலிவான எல்இடி பல்பை! அதைக் கழற்றிவிட்டு வாசலின் கடைசியில் நின்று அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2017 அக்டோபரில் வட கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது மின்சாரம் நின்றது. காரை வெளியே எடுக்கக் கதவைத் திறக்க முடியாமல் குறைந்தது ஐந்து பேர் இறந்ததாகச் செய்திகள் கூறின. சிவப்புக் கயிறு எல்லாக் கொட்டகையிலும் தொங்கியிருக்கும். ஆனால் புகையில், இருட்டில், வயதானவர் கைக்கு அது எட்டாது. எட்டினாலும் ஸ்பிரிங் தளர்ந்த கதவை அவரால் தூக்க முடியாது. அடுத்த ஆண்டே கலிபோர்னியா சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் அங்கே விற்கும், பொருத்தும் ஒவ்வொரு பெட்டியிலும் மின்தடையின்போது இயங்கும் பேட்டரி இருக்க வேண்டும் என்று விதித்தது. பேட்டரி இல்லாத பழைய மோட்டாரோடு புதிய கதவை இணைத்தால் அதுவும் சட்ட மீறல். மீறினால் ஒரு பெட்டிக்கு 1000 டாலர் அபராதம்.