கார்ல்டன் ஹவுஸ் டெரஸில் விழுந்த மருமகன்

போன வாரம் வகுப்பு முடிஞ்சு செயின்ட் ஜேம்ஸ் பூங்கா பக்கம் நடந்து போனேன். அங்கே கார்ல்டன் ஹவுஸ் டெரஸ்னு ஒரு தெரு, வெள்ளை வெளேர்னு பெரிய பெரிய வீடுகள். 2007 ஜூன் 27 அன்று அங்கே ஐந்தாவது மாடி பால்கனியிலிருந்து விழுந்து இறந்துபோனார் அஷ்ரஃப் மர்வான். எகிப்து அதிபர் நாசரின் மருமகன். இஸ்ரேலின் மொசாத்துக்கு உளவு சொன்னவர். தானே குதித்தாரா, தள்ளிவிட்டார்களா என்பதை 2010-ல் நடந்த மரண விசாரணையாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

போன செமஸ்டரில் இவரை வைத்துத்தான் கட்டுரை எழுதினேன். விஷயம் 1973 அக்டோபர் போர். நீண்டதூர குண்டுவீச்சு விமானமும் ஸ்கட் ஏவுகணையும் கிடைக்காமல் எகிப்து போருக்கு வராது, எகிப்து வராமல் சிரியா வராது: இதுதான் இஸ்ரேல் ராணுவ உளவுத்துறையின் கணக்கு. வேடிக்கை என்னன்னா, இந்தக் கணக்கு பெருமளவு மர்வான் கொடுத்த தகவல்களிலிருந்தே வந்தது. கொடுத்தபோது அது சரியாகவும் இருந்தது. ஆனா 1972 கடைசியில் சதாத் மனசை மாத்திக்கிட்டார், கையில் இருப்பதை வைத்தே போர் என்று. கணக்கு மட்டும் மாறவே இல்லை.

1973 மே மாதமும் போர் வரும்னு ஒரு பரபரப்பு. ராணுவத்தை உஷார்படுத்தி ஏகப்பட்ட செலவு. போர் வராது என்று சொன்ன உளவுத்துறைத் தலைவர் எலி ஸெய்ரா (சிரிக்காதீங்க, பேரே அதுதான்) ஜெயித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

அக்டோபர் 1-ம் தேதியும் 3-ம் தேதியும் பெஞ்சமின் சிமான்-டோவ் என்கிற சின்ன லெப்டினன்ட் அறிக்கை எழுதுகிறார்: கால்வாய்க்கு அந்தப் பக்கம் நடப்பது ஒத்திகை இல்லை, ஒத்திகை என்ற போர்வையில் போர் ஏற்பாடு. மேலதிகாரி அதை மேலே அனுப்பவே இல்லை. இன்னொண்ணு இதைவிட மோசம். எகிப்துக்குள் ரகசியமாகப் புதைத்த ஒட்டுக்கேட்புக் கருவிகள் இருந்தன, இந்த மாதிரி நாளுக்கென்றே. அவை ஓடிக்கொண்டிருப்பதாகத் தலைமைத் தளபதி எலசார் நம்பினார். அதிலும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் அப்போ போர் இல்லை என்றுதானே நினைப்பார்? ஸெய்ரா அவற்றை இயக்கவே இல்லை.

அக்டோபர் 5 இரவு மர்வான் இதே லண்டனில் மொசாத் தலைவர் ஸ்வி ஸமீரைச் சந்தித்து, நாளைக்குப் போர் என்றார். சூரியன் மறையும்போது என்றும் சொன்னார். மதியம் 2 மணிக்கே ஆரம்பமாகிவிட்டது. இஸ்ரேல் தரப்பில் மட்டும் 2,600 பேருக்கு மேல் செத்தார்கள். ஆக்ரநாட் கமிஷன் விசாரித்தது, ஸெய்ரா பதவி போனது, 1974 ஏப்ரலில் பிரதமர் கோல்டா மேயர் ராஜினாமா செய்தார்.

அந்த சில மணி நேர வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஸெய்ரா, மர்வான் ஒரு இரட்டை உளவாளி, எகிப்து எங்களை ஏமாற்ற அனுப்பிய ஆள் என்று வாதாடினார். நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன், கேட்க சூப்பரா இருந்ததால். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால் இடித்தது. ஏமாற்ற வந்தவன் எதுக்கு முந்தின ராத்திரியே எச்சரிக்கணும்? வாயை மூடிக்கிட்டு இருந்தாலே போதுமே! அந்த எச்சரிக்கையால்தான் காலையிலேயே ஆள் திரட்டத் தொடங்கினார்கள். மர்வான் பொய் சொன்னாரா இல்லையா என்பது எனக்கு இப்போ ரெண்டாவது கேள்வி. சிமான்-டோவ் கண்ணால் பார்த்து எழுதியதில் என்ன சந்தேகம்?

அதுக்குச் சரியா ஐம்பது வருஷமும் ஒரு நாளும் கழித்து, 2023 அக்டோபர் 7. காஸா வேலியோரம் கண்காணிப்பில் இருந்த இளம் பெண் சிப்பாய்கள் பார்த்ததை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள் என்பதும், மேலே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பதும் பிறகு வெளியே வந்தது. படிக்கும்போது சிமான்-டோவ் ஞாபகம்தான்.

மர்வானுக்கு வருகிறேன். அவர் பெயர் எப்படி வெளியே கசிந்தது என்று ஸமீருக்கும் ஸெய்ராவுக்கும் பெரிய வழக்கு. கசியவிட்டது ஸெய்ராதான் என்று நடுவராக இருந்த முன்னாள் நீதிபதி முடிவு சொன்னார். அந்தத் தீர்ப்பு பொதுவில் வெளியானது 2007 ஜூன் மாதம். மர்வான் விழுந்ததும் அதே ஜூன் மாதம்தான்.