சூரியத் தகட்டின் இரு எண்கள்: ஒரு வரலாற்று நோக்கு

கையில் எடுத்துச் செல்லத்தக்க சூரியத் தகடொன்றின் பின்புறத்தில் 100 வாற்று எனப் பொறிக்கப்பட்டிருக்கும். தகட்டைப் பற்றறியுடன் இணைக்கும் மின்னேற்றக் கட்டுப்படுத்தியோ நல்ல நண்பகலிலும் 70 வாற்றையே காட்டும். சிலவேளை 5 வாற்றுக்கும் இறங்கிவிடும். தகடு பழுதென்று அப்போதே தீர்ப்புக் கூறுவோர் பலர். பொறித்த எண்ணும் காட்டும் எண்ணும் வெவ்வேறு வரலாறுகளிற் பிறந்தவை என்பதை உணராமையே இம்மயக்கத்துக்குக் காரணமெனலாம்.

ஒளியிலிருந்து மின் பிறத்தலை 1839இல் பிரான்சிய இளைஞரான எட்மண்ட் பெக்கரெல் கண்டறிந்தார். 1883இல் அமெரிக்கரான சார்ள்ஸ் பிரிற்ஸ் செய்த செலனியக் கலங்கள், தம்மீது விழுந்த ஒளியில் நூற்றிலொரு பங்கைத்தானும் மின்னாக்கவில்லை. 1954 ஏப்ரலில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சப்பின், புல்லர், பியர்சன் ஆகிய மூவரின் சிலிக்கன் கலம் ஏறத்தாழ 6 வீதத் திறனுடன் வெளிப்பட்டது. நான்காண்டுகளில் அது விண்ணேறிற்று. 1958இல் ஏவப்பட்ட வான்காட் 1 செய்மதியின் இரசாயன மின்கலம் சில மாதங்களில் ஓய்ந்துவிட, சூரியக் கலங்களால் இயங்கிய அலைபரப்பி 1964 வரை ஒலித்தது.

விண்வெளியில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1360 வாற்று வெயில் விழும். அங்கே முகிலுமில்லை, காற்றுமில்லை. நிலத்து வெயிலோ இடத்துக்கிடம், வேளைக்கு வேளை மாறுவது. 1970களின் எண்ணெய் நெருக்கடியை அடுத்து நிலத்திற் பயன்படுத்தும் கலங்கள் பெருகவே, அவற்றை ஒப்பிடப் பொதுவானதோர் அளவுகோல் வேண்டியதாயிற்று. சதுர மீற்றருக்கு 1000 வாற்று ஒளி, கலத்தின் வெப்பநிலை 25 பாகை செல்சியசு என்ற நியமம் நிலைபெற்றது. ஆய்வுகூடத்துக்கு அது உகந்ததே. ஆயின், மன்னார் வெயிலிற் கிடக்கும் தகட்டின் கலங்கள் 60 பாகையை எட்டுதல் இயல்பு. பாகையொன்றுக்கு ஏறத்தாழ 0.4 வீத வலுவைச் சிலிக்கன் இழக்கும் எனின், 35 பாகை உயர்வால் நேரும் இழப்பு 14 வீதம். இவ்விழப்புப் பெரும்பாலும் வோல்ற்றளவிலேயே நிகழ்கின்றது.

மற்றைய வரலாறு பற்றறியினுடையது. பிளாந்தே 1859இல் அமைத்த ஈய அமிலப் பற்றறி, சிலிக்கன் கலத்தினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு மூத்தது. 1955 ஒக்ரோபரில், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில், அமெரிக்கஸ் என்ற ஊரின் கிராமியத் தொலைபேசி இணைப்பொன்றுக்குச் சூரியக் கலங்களைப் பொருத்தியபோது, இரவுக்கென மின்னைச் சேமிக்கப் பற்றறியும் துணைக்கொள்ளப்பட்டது. மூத்ததன் இயல்புக்கே இளையது இசைய வேண்டியிருந்தது. 12 வோல்ற்றுப் பற்றறி நிரம்ப 14.4 வோல்ற்று வரை வேண்டும். ஒரு சிலிக்கன் கலம் தொழிற்படுகையில் தருவது அரை வோல்ற்றே. வெப்பத்தாலும் கம்பியாலும் நேரும் குறைவுக்கு இடம்விட்டு 36 கலங்கள் தொடுக்கப்படவே, 18 வோல்ற்றுத் தகடு வழக்காயிற்று.

எளிய வகைக் கட்டுப்படுத்தி தகட்டைப் பற்றறியின் வோல்ற்றளவுக்கு இழுத்துவிடுகின்றது. 18 வோல்ற்றில் 5.5 அம்பியர் தரும் தகடு, 12.6 வோல்ற்றில் நிற்கும் பற்றறிக்கும் ஏறத்தாழ அதே 5.5 அம்பியரையே தரும். பெருக்கினால் 69 வாற்று. பற்றறி நிரம்பியதும் கட்டுப்படுத்தி தானே மின்னோட்டத்தைக் குறைக்கும். எனவே நண்பகலிற் காணும் 5 வாற்று பெரும்பாலும் பற்றறியின் நிறைவைக் கூறுவதன்றித் தகட்டின் இயலாமையைக் கூறுவதன்று. இதனை விளங்காது கட்டுப்படுத்தியை நீக்கித் தகட்டை நேரே இணைப்போர், பற்றறியின் நீரை வற்றச்செய்து அதனை அழிக்கின்றனர்.

உச்ச வலுப் புள்ளியைத் தேடித் தொழிற்படும் மற்றொரு வகையுமுண்டு. தகட்டிலிருந்து 5 அம்பியர், பற்றறிக்கு 6.5 அம்பியர் என அது காட்டுகையில் கருவி பொய்யுரைப்பதாக ஐயுறவேண்டியதில்லை: 18 வோல்ற்றில் வந்த 90 வாற்று, சிறிது இழப்புடன், 13 வோல்ற்றுக்கு மாற்றப்பட்டுள்ளது. எம்போன்ற வெப்ப நாடுகளில் தகட்டின் வோல்ற்றளவே தாழ்ந்துவிடுவதால், இவ்வகையாற் கிடைக்கும் ஆதாயம் குளிர் நாடுகளிற் கிடைப்பதினும் குறைவு. விற்பனை விளம்பரங்களில் இச்செய்தியைக் காண்பதரிது.