நம்ம கடலுக்குக் கொற்கை என்று பெயர் இருந்தது



போன வாரம் பேரன் வரைபடத்தில் மன்னார் வளைகுடாவைக் குறித்துக்கொண்டிருந்தான். “தாத்தா, மன்னார் எங்க இருக்கு?” என்றான். இலங்கையில் என்றேன். “அப்போ நம்ம கடலுக்கு ஏன் அந்த ஊர்ப் பேரு?” என்று கேட்டுவிட்டான். அந்தப் படத்தை எத்தனை வருஷம் உங்களைக் குறிக்க வைத்திருப்பேன்! நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்கப் புவியியலாளர் இதைக் ‘கொல்கிக் வளைகுடா’ என்று எழுதினார். கொல்கோய் என்று கிரேக்கர்கள் சொன்னது நம்ம கொற்கையைத்தான். தாமிரபரணி முகத்துவாரத்தில் பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் அது. தண்டனை பெற்ற கைதிகள் அங்கே முத்துக் குளித்ததாகப் பெரிப்ளூஸ் நூல் சொல்கிறது. அந்த முத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் நாம் இந்தக் கைதிகளை மட்டும் விட்டுவிடுவோம்.

கொற்கையைக் கடலிடமிருந்து பிரித்தது ஆறுதான். வெள்ளத்துக்கு வெள்ளம் வண்டல் கொண்டுவந்து கரையைத் தள்ளியது. துறைமுகம் காயலுக்குப் போனது. மார்க்கோ போலோ எழுதியது அந்தக் காயல். பிறகு புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. இன்று கொற்கைக்குப் போனால் வயலும் வாழையும்தான். 1968-69இல் தொல்லியல் துறை தோண்டிய இடத்தில் கிடைத்த கரியின் வயது கி.மு. 785 என்று வந்தது.

ஆறு அன்று வண்டல் கொண்டுபோனது. இன்று நெல்லையின் சாக்கடையும் கொண்டுபோகிறது. தூத்துக்குடி ஆலைகளைத் திட்டும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். ஆலைகள் தப்பில்லை என்று சொல்லவில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் கடலோரத்தில் படிந்தது. தாமிர ஆலை மாசுபடுத்தியதற்கு 2013இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2018 மே 22 போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் தண்ணீர் எடுக்கும் திட்டம் வந்தது. கடைமடை விவசாயி கத்தினான்.

1986இல் தேசியப் பூங்காவாக்கிய 21 தீவுகளில் தூத்துக்குடி பக்கத்து விலாங்குச்சல்லி கடலுக்குள் போய்விட்டது. சுண்ணாம்புக்குப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததுதான் பெரிய காரணம். அந்தச் சுண்ணாம்பில் கட்டிய வீடு நம்ம பக்கத்தில் எத்தனை இருக்குமோ!

பேரனைக் கொற்கைக்குக் கூட்டிப்போகப் போகிறேன். அப்படியே புன்னைக்காயலில் ஆறு கடலில் சேருமிடத்தையும் காட்ட வேண்டும். உங்களில் வாத்தியார் வேலையில் இருப்பவர்கள், வரைபடப் பாடம் வரும்போது கொற்கைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். மார்க் கிடைக்காது, பரவாயில்லை.