குளிர்ந்த கருவியும் குறையாத ஐயமும்

வானியல் வரலாற்றில், இரைச்சல் என ஒதுக்கப்படவிருந்தவை சில, பின்னர்ப் பேருண்மைகளாக நிலைபெற்றுள்ளன. 1964ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும் இயக்கிய வானலை வாங்கியில், எத்திசை நோக்கித் திருப்பினும் நீங்காத இரைச்சல் ஒன்று பதிவாயிற்று. கருவிக்குள் தங்கியிருந்த புறாக்களை அகற்றித் தூய்மை செய்த பின்னரும் அது அகலவில்லை. பேரண்டத்தின் இளமைக்கால வெம்மை விட்டுச்சென்ற நுண்ணலைப் பின்னணியே அது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதன் வெப்பநிலை ஏறத்தாழ 2.7 கெல்வின். 1978இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இத்துணை மெல்லிய வெப்பத்தை அளப்பதில் பெரும் இடர் ஒன்று உண்டு. வெம்மையுடைய பொருள் அனைத்தும் அலைகளை வெளியிடும். வளிமண்டலமும் அளக்கும் கருவியும் அதற்கு விலக்கல்ல. இவ்விடரைக் கடக்கவே நாசாவின் ஆலன் கோகட் தலைமையிலான குழுவினர் 'ஆர்கேட்' என்னும் கருவியை அமைத்தனர். 2006 ஜூலையில், டெக்சாஸ் மாநிலத்தின் பாலஸ்டைன் நகரிலிருந்து பெரும் பலூன் ஒன்று அதனைச் சுமந்து ஏறத்தாழ 37 கிலோமீட்டர் உயரம் சென்றது. வளிமண்டலத்தின் பெரும்பகுதி கீழே நின்றுவிட்டது. கருவியையோ நீர்ம ஹீலியம் வானின் குளிர்ச்சிக்கே தாழ்த்தியிருந்தது. வெப்பநிலை அறியப்பட்ட கரும்பொருள் ஒன்றையும் வானையும் மாறிமாறி நோக்கி அது ஒப்பிட்டது.

முதல் விண்மீன்கள் விட்டுச்சென்ற வெப்பத்தின் தடத்தையே குழுவினர் தேடினர். கிடைத்ததோ வேறு. அறியப்பட்ட வானலை மூலங்கள் அனைத்தும் சேர்ந்து தரக்கூடியதினும் ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுந்த வானலைப் பின்னணி பதிவாகியிருந்தது. கருவியின் பிழையா, நமது பால்வெளி மண்டலத்தின் பங்கா என ஆராய்ந்த பின்னரே, 2009 ஜனவரியில் முடிவுகளை அறிவித்தனர். அம்மிகையின் தோற்றுவாய் குறித்து இன்றும் ஒருமித்த விளக்கம் எட்டப்படவில்லை.

இதனை 'விண்வெளி முழக்கம்' என வழங்குவோர் உளர். ஆயின் வெற்றிடத்தில் ஒலி பரவாது. அளக்கப்பட்டது வானலையின் செறிவே. எனவே 'மிகை வானலைப் பின்னணி' என்பதே வகுப்பறைக்குப் பொருந்தும் சொல் எனக் கருதுகிறோம். பாடநூல்கள் பெரும்பாலும் விடை கண்ட வினாக்களையே நிரல்படுத்துகின்றன. விடை காணா இவ்வினாவையும் அவற்றின் அருகில் வைப்போமாயின், அறிவியல் முடிந்த கதையன்று என்பதை மாணவர் உணர்வர்.