இரவு எட்டு மணியானால் ஃபைபர் ஏன் திணறுகிறது?

இரத்மலானையில் எங்கள் வீட்டுக்கு ஃபைபர் வந்த பின்னரும், மகளின் உயர்தர வகுப்பு இரவு எட்டு மணியானால் திணறியது. ஆசிரியரின் படம் தெளிவாக வரும். அவள் கேட்கும் கேள்விதான் அவருக்குப் போய்ச் சேராது. முறைப்பாடு செய்யப் புறப்படுமுன், இந்த வலையமைப்பு எப்படி இயங்குகிறது என்று தேடிப் படித்தேன்.

வீட்டுக்கு வரும் ஒளியிழை நமக்கு மட்டும் உரியதல்ல. தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, மின்சாரம் தேவைப்படாத பிரிப்பான் மூலம் பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிகிறது. பரவலாகப் பயன்படும் ஜீபொன் தரத்தில், கீழ்நோக்கிய வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட், மேல்நோக்கி 1.25 கிகாபிட். இரண்டும் ஒரே இழையில், வெவ்வேறு அலைநீளங்களில் செல்கின்றன.

கீழ்நோக்கிய தரவு எல்லா வீடுகளுக்கும் போகும். அந்தந்த வீட்டுப் பெட்டி தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். மேல்நோக்கி அப்படி முடியாது. இரு வீடுகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் சமிக்ஞைகள் மோதிவிடும். ஆகவே முறை வைத்தே அனுப்ப வேண்டும். 64 வீடுகளுக்கும் சமமாகப் பங்கிட்டால், ஒருவருக்குச் சுமார் 19 மெகாபிட்தான். அயல்வீட்டார் உறங்கினால் அவர்களுடைய பங்கு வீணாகும்.

இதற்கான தீர்வே இயங்குநிலை அலைவரிசைப் பங்கீடு. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தன்னிடம் எவ்வளவு தரவு காத்திருக்கிறது என்று அறிவிக்கும். நிலையத்துக் கருவி அதைக் கணக்கிட்டு, யார் எப்போது அனுப்பலாம் என்று 125 மைக்ரோசெக்கனுக்கு ஒரு தடவை அறிவிக்கும். குரல் அழைப்புக்கு நிலையான பங்கு, மற்றவற்றுக்கு மிச்சத்தில் பங்கு என்று வகைகளும் உண்டு. இதையொத்த ஈபொன் வலையமைப்புக்காக, முறை வைத்துக் கேட்கும் 'ஐபாக்ட்' வழியைக் கிரேமர், முகர்ஜி, பெசவெண்டோ ஆகியோர் 2002இல் முன்வைத்தனர்.

இதில் ஓர் இழுபறி உண்டு. சுற்று நீண்டால் காத்திருப்பு கூடும். குறுகினால் வீடுகளுக்கிடையே விடும் இடைவெளிகளில் நேரம் வீணாகும். அதனால்தான் சராசரி வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. தாமதம், அதன் ஏற்ற இறக்கம், தரவிழப்பு ஆகியவற்றையும் அளக்க வேண்டும்.

நானும் ஒரு வாரம் அளந்தேன். கணினியை வயரில் இணைத்து, காலையும் இரவும் குறித்தேன். எட்டு மணிக்குத் தாமதம் எகிறியது. ஆனால் வீட்டுக் கைபேசிகளை நிறுத்தியதும் அது தணிந்தது! வேலை முடிந்து வரும் எங்கள் கைபேசிகள் அந்நேரத்தில்தான் படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. நிலையத்துக் கருவி வீடுகளுக்கிடையே நியாயம் பார்க்கும். வீட்டுக்குள் இருக்கும் வரிசையை நாம்தான் பார்க்க வேண்டும். படம் ஏற்றுவதை நள்ளிரவுக்கு மாற்றினோம். வகுப்பு சீரானது.

எல்லாவற்றையும் நிறுத்திய பின்னும் இரவில் மட்டும் திணறினால், நெரிசல் வெளியே இருக்கிறது. அப்போது நாள், நேரம், அளவு எழுதிய குறிப்போடு முறையிடுங்கள்.