வெளியே வர மறுத்த பையன்

1977-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டுட்கார்ட் நகரத்துப் பதிப்பாளர் ஒருவர், ரோமுக்குத் தெற்கே ஜென்ஸானோ என்ற ஊரில் குடியிருந்த தன் எழுத்தாளரைப் பார்க்கப் போனார். வந்தவர் தியனெமான் பதிப்பகத்தின் ஹான்ஸ்யோர்க் வைட்பிரெஹ்ட். எழுத்தாளர் மிஹாயேல் எண்டே. அவருடைய 'மோமோ' நாவல் வெளியாகி நான்கு வருடம் ஓடியிருந்தது. அடுத்த புத்தகம் எங்கே என்று கேட்கத்தான் இந்தப் பயணம். எண்டேயிடம் எழுதி முடித்தது எதுவும் இல்லை. தோன்றுகிற யோசனைகளைத் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிப் பெட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் மட்டும் இருந்தது. அதைத் துழாவி ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். ஒரு பையன் புத்தகம் படிக்கிறான். படிக்கப் படிக்க நிஜமாகவே கதைக்குள் போய்விடுகிறான். திரும்பி வரப் பெரும்பாடு படுகிறான். சீட்டில் இருந்தது அவ்வளவுதான்.

வைட்பிரெஹ்டுக்கு அது பிடித்துவிட்டது. எண்டேவுக்குத்தான் சந்தேகம், இதை நூறு பக்கத்துக்கு மேல் இழுக்க முடியுமா என்று. ஆனாலும் வருடக் கடைசிக்குள் தந்துவிடுவதாக ஒப்புக்கொண்டார். நூறு பக்கம் நானூறைத் தாண்டியது. வருடக் கடைசி 1979 செப்டம்பர் ஆனது. உலகமெங்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் படிக்கப்பட்ட 'முடிவில்லாக் கதை' இப்படித்தான் பிறந்தது.

எண்டே திட்டம் போட்டு எழுதுகிறவர் அல்ல. அவருடைய முதல் புத்தகமான 'ஜிம் க்னோஃப்' வந்த விதமே அதற்குச் சாட்சி. ஐம்பதுகளின் கடைசியில், நடிகராக முயன்று, நாடகத் துணுக்குகள் எழுதிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவரிடம், ஓவியரான பழைய நண்பர் ஒருவர் படப்புத்தகத்துக்குச் சில வரிகள் எழுதித் தரச் சொன்னார். எண்டே தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தார். ரயில் எஞ்சின் ஓட்டுநர் ஒருவர் வசிக்கும் மிகச் சிறிய நாடு பற்றி முதல் வாக்கியம் வந்தது. இரண்டாவது என்னவென்று அவருக்கே தெரியாது. அப்படியே போய்ப் போய்ப் பத்து மாதத்தில் பெரிய கையெழுத்துப் பிரதி சேர்ந்துவிட்டது. நடுவில் ஒருமுறை எஞ்சின், ஒளியையே விழுங்கும் கரும்பாறைகளுக்கிடையே மாட்டிக்கொண்டது. எழுதுகிறவரும் அங்கேயே நின்றுவிட்டார். வாரக்கணக்கில் வழி தெரியவில்லை. கையில் இருந்த எஞ்சின்தான் கடைசியில் உதவியது: அதன் நீராவி குளிரில் உறைந்து பனியாகப் பாறைகள்மேல் விழுந்தால் பாதை வெளுத்துத் தெரியுமல்லவா? வெளியிலிருந்து தேவதை எதுவும் வந்து காப்பாற்றக் கூடாது, வழி கதைக்குள்ளேயே கிடக்க வேண்டும் என்பதில் எண்டேவுக்கு அப்போதே பிடிவாதம். பதிப்பகம் பதிப்பகமாகத் திரும்பி வந்த அந்தப் பிரதியை 1960-இல் தியனெமான் வெளியிட்டது. மறுவருடம் ஜெர்மனியின் இளையோர் நூல் பரிசு கிடைத்தது. அறிவிப்பு வந்த நேரத்தில், ஏழு மாத வாடகை பாக்கிக்காக வீட்டுக்காரர் அவர்மீது வழக்குப் போட்டிருந்தார்.

அதே பிடிவாதம்தான் முடிவில்லாக் கதையில் அவரை ஏறக்குறைய மூழ்கடித்தது.

உள்ளே போவதில் சிரமம் இருக்கவில்லை. பாஸ்டியன் பல்தஸார் பூக்ஸ் தாயில்லாப் பிள்ளை. குண்டாக இருக்கிறான், பள்ளியில் அடி வாங்குகிறான், கதை கட்டுவது ஒன்றுதான் அவனுக்கு வரும். மழைக்கு ஒதுங்கிய பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகத்தைத் திருடிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட மாடி அறையில் ஒளிந்து படிக்கிறான். புத்தகத்துக்குள் ஃபன்டாசியன் என்ற உலகை 'ஒன்றுமில்லாமை' தின்றுகொண்டே வருகிறது. குழந்தை அரசி நோயில் கிடக்கிறாள். மருந்து தேடி அனுப்பப்படுகிறான் அட்ரேயு, பாஸ்டியன் வயதே ஆன வேட்டைக்காரச் சிறுவன். அரசிக்குப் புதுப் பெயர் வைக்க மனிதக் குழந்தை ஒன்று வேண்டும். அட்ரேயு படும் பாடெல்லாம் உண்மையில் மருந்துக்காக இல்லை, படித்துக்கொண்டிருக்கும் பாஸ்டியனை இழுத்து வருவதற்குத்தான். விக்கிரமாதித்தன் கதையில் கதைக்குள் கதை பார்த்துப் பழகிய நமக்கும், படிக்கிறவனையே வலை போட்டுப் பிடிக்கும் கதை கொஞ்சம் புதிது. பாஸ்டியன் பெயரைக் கத்திவிடுகிறான். உள்ளே விழுகிறான். புத்தகம் பாதிதான் ஆகியிருக்கிறது.

சாதாரண எழுத்தாளர் இங்கே வெற்றி விழா நடத்திப் பையனை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். எண்டேயால் முடியவில்லை. பாஸ்டியன் கழுத்தில் இப்போது ஔரின் தொங்குகிறது: ஒன்றன் வாலை ஒன்று கவ்விய இரண்டு பாம்புகள் பொறித்த பதக்கம். அதை அணிந்தவன் ஆசைப்பட்டது நடக்கும். அழகு, பலம், வீரம் என்று கேட்டதெல்லாம் அவனுக்குக் கிடைக்கிறது. இத்தனையும் கிடைத்த பையன், வகுப்பில் கேலி செய்யும் கூட்டத்திடம் எதற்காகத் திரும்ப வேண்டும்? பதிப்பகம் நாள் கேட்டு நச்சரித்தபோது, பாஸ்டியன் ஃபன்டாசியனை விட்டு வர மறுக்கிறான், அவனோடு கூடப் போவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை என்கிற பொருளில் பதில் போனது. நாள் தள்ளிப்போடும் எழுத்தாளர்கள் சொல்லும் சாக்குகளிலேயே உயர்ந்தது இதுதான். சாக்காகவும் அது இல்லை.

அவர் கண்டுபிடித்த விதி கொடியது. ஒவ்வோர் ஆசை நிறைவேறும்போதும் பாஸ்டியனின் பழைய வாழ்க்கையிலிருந்து ஒரு நினைவு உதிர்கிறது. நினைவெல்லாம் போனவனால் எதற்கும் ஆசைப்பட முடியாது; அவன் அங்கேயே பித்தனாகக் கிடக்க வேண்டியதுதான். விதியைப் போட்டாயிற்று, வாசல் எங்கே? 1978 முடிந்து குளிர்காலம் வந்தது. அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு குளிரை யாரும் பார்த்ததில்லை. எண்டேயும் மனைவி இங்கபோர்க் ஹாஃப்மனும் இருந்த வீட்டில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன, உள்ளே வெள்ளம், சுவரெல்லாம் பூஞ்சை. அந்த ஈரத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் விடை வந்தது. வாசல் ஔரினே. தேடித் தேடி அலைந்தது அவன் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கரும்பாறைக் கணக்கை எஞ்சினின் நீராவி தீர்த்துவைத்தது போலத்தான்.

ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் புத்தகத்தின் உண்மையான கண்டுபிடிப்பு பதக்கம் அல்ல, அதையடுத்து வரும் காட்சி. பதக்கத்தைக் கழற்றி வைத்ததும் பாஸ்டியனும் அட்ரேயுவும் அதற்குள்ளேயே நிற்கிறார்கள். பிரம்மாண்டமான இரண்டு பாம்புகள், நடுவே ஜீவநீர் ஊற்று. நீர் கேட்கிறது: நீ யார்? பாஸ்டியனுக்குத் தன் பெயரே மறந்துவிட்டது. அட்ரேயுதான் முன்வந்து சொல்கிறான். ஃபன்டாசியனில் நீ தொடங்கிவைத்த கதைகளையெல்லாம் முடித்துவிட்டாயா என்று அடுத்த கேள்வி. முடிக்கவில்லை. அவற்றை நான் முடித்து வைக்கிறேன் என்று அட்ரேயு ஜாமீன் நிற்கிறான். பதவி மயக்கத்தில் பாஸ்டியன் இதே அட்ரேயுவைத்தான் வாளால் வெட்டியிருந்தான். பயணம் போகும் பிள்ளைகளின் கதைகளில் நண்பன் கூட வருவான், சண்டை போடுவான், உயிரையும் கொடுப்பான். உன் பாக்கி வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பிவைக்கும் நண்பனை வேறெங்கும் நான் படித்ததில்லை. எழுதத் தொடங்கும்போதே இது எண்டேவுக்குத் தெரிந்திருந்தால் அந்த நூறு பக்கக் கணக்கு எழுந்தே இருக்காது.

இந்த இடத்துக்குச் சற்று முன் வரும் ஓர் அத்தியாயத்துக்கு வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. எல்லாம் இழந்த பாஸ்டியன் ஒரு சுரங்கத்தில் வேலை செய்கிறான். யோர் என்ற குருட்டுச் சுரங்கக்காரர்தான் அங்கே எஜமான். மனிதர்கள் கண்டு மறந்த கனவுகள் மெல்லிய தகடுகளில் படங்களாகப் பூமிக்கடியில் அடுக்கடுக்காய்ப் புதைந்திருக்கின்றன. கும்மிருட்டில் படுத்தபடி அவன் அவற்றைத் தோண்டி எடுக்கிறான். பனிக்கட்டிக்குள் உறைந்துபோன ஒரு மனிதரின் படம் கிடைக்கிறது. பாஸ்டியனுக்கு அடையாளம் தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது: அது அவன் அப்பா.

மிஹாயேலின் அப்பா எட்கர் எண்டே சர்ரியலிச ஓவியர். படம் வரைவதற்கு முன் அறையை இருட்டாக்கிக்கொண்டு, மனத்தை வெறுமையாக்கி, உருவங்கள் தாமாக எழும்வரை காத்திருப்பார். எழுந்ததை இருட்டிலேயே கோடிழுத்துக்கொள்ளப் பென்சிலில் சிறு விளக்குக் கட்டியிருப்பார். நாஜிகள் 1936-இல் அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கத் தடை போட்டார்கள். 1944-இல் மியூனிக்கில் விழுந்த குண்டுகளில் அவருடைய ஓவியக்கூடம் எரிந்து, அதுவரை வரைந்ததில் பெரும்பகுதி சாம்பலானது. பின்னாளில் அவர் மனைவியையும் மகனையும் பிரிந்து போனார். அப்படிப்பட்ட மனிதரின் மகன் இருட்டுக்குள் படம் தோண்டும் சுரங்கத்தையும் பனிக்குள் உறைந்த அப்பாவையும் எழுதியதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியாது.

புத்தகம் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் எண்டே விட்டுக்கொடுக்கவில்லை. கதையில் பாஸ்டியன் திருடும் புத்தகம் போலவே வாசகன் கையிலும் இருக்க வேண்டும். முதலில் தோலட்டை, முத்துச்சிப்பி, பித்தளைப் பொத்தான் என்றெல்லாம் ஆசைப்பட்டார்; பதிப்பகம் திவாலாகிவிடும் என்று யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். முடிவில் இரண்டு வண்ண அச்சு என்று ஏற்பாடானது. மனித உலகுக்கு ஒரு நிறம், ஃபன்டாசியனுக்கு இன்னொன்று. இருபத்தாறு அத்தியாயங்களும் அகர வரிசையில் ஒவ்வோர் எழுத்தில் தொடங்க, ரோஸ்விதா க்வாட்ஃப்ளீக் அந்த முதலெழுத்துகளைப் பக்க அளவில் வரைந்தார்.

குழந்தைகளுக்குச் சமூக யதார்த்தம்தான் வேண்டும், மாயக்கதை என்பது தப்பியோடல் என்று ஜெர்மனியில் விமர்சகர்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எண்டே இத்தாலிக்குக் குடிபோனதற்கு அந்த நச்சரிப்பும் ஒரு காரணம். தப்பியோடியவன் திரும்பி வருவது எப்படி என்றே இருநூறு பக்கம் எழுதியவரைப் பார்த்து அவர்கள் என்ன சொன்னாலும், பெரியவர்களும் சேர்ந்து வாங்கிப் படித்தார்கள். விற்பனைப் பட்டியலில் புத்தகம் பல வருடம் இருந்தது.

1984-இல் வோல்ஃப்காங் பீட்டர்சனின் திரைப்படம் வந்தது. நாவலின் முதல் பாதியோடு அது நின்றுவிடுகிறது. சுரங்கமும் இல்லை, ஊற்றும் இல்லை, ஜாமீனும் இல்லை. பாஸ்டியன் பறக்கும் டிராகன்மேல் ஏறி நேராகத் தன் ஊருக்கே வந்து, தன்னை அடித்த பையன்களைக் குப்பைத் தொட்டிக்குள் விரட்டுகிறான். குழாய் வெடித்த வீட்டில் உட்கார்ந்து எண்டே தேடிய வாசல் படமெடுத்தவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. படத்தை நிறுத்துங்கள், இல்லையென்றால் தலைப்பையாவது மாற்றுங்கள் என்று கேட்டார். அவர்கள் செவிசாய்க்காததால் வழக்குப் போட்டார், தோற்றார். ஒலியும் ஒளியும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த வழக்கில் நான் எண்டே பக்கம்தான்.